பாலக்காட்டுக் குடும்பமும் பாதிக் கேக்கும்

எனக்கு வராத விஷயங்கள் பல உண்டு. நீச்சல் வராது, பாட்டு வராது, தயக்கம் சுத்தமாக வராது. முதல் இரண்டால் இதுவரை யாருக்கும் கெடுதல் நேர்ந்ததில்லை. மூன்றாவதால் ஒரு முறை, நடுக்கடலில், முன்பின் தெரியாத ஒரு மனிதருடைய பிறந்த நாளையே தின்றிருக்கிறேன். முழுதாக அல்ல, பாதியைத்தான். மீதியைத் தொடுவதற்குள் ஆள் வந்துவிட்டார்.

எனக்கு ஊர் பாலக்காட்டுக்குப் பக்கத்து எலப்புள்ளி. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் போடுகிற வேலை. யார் எப்போது வேலைக்கு வரவேண்டும், யார் எப்போது சாப்பிடப் போகவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவன் நான். ஆகவே நேரம் என்கிற சமாச்சாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். (எங்கள் கேன்டீன்காரர் அப்படி நம்பவில்லை. அவரை யார் கேட்டார்கள்?)

என் மனைவி கலா வண்டிப்பெரியார்க்காரி. காதல் கல்யாணம். மாமனார் அங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்தை அவர் எதிர்க்கவில்லை. ஆனால் கல்யாணமாகி இரண்டு வருடம் கழிந்தும் என்னை ஒருமுறைகூட ‘மாப்ள’ என்று கூப்பிட்டதில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் மகளைப் பார்த்து, “கலா, அவுகளுக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு” என்பார். கலா என்னைக் கேட்பாள். நான் கலாவிடம் சொல்வேன். ஒரு கரண்டி சோறு என் தட்டுக்கு வந்து சேர ஒரு தூதுக்குழு வேண்டியிருந்தது.

இந்த நிலைமையை மாற்றத்தான் கப்பல் யோசனை வந்தது. கொச்சியில் ஏறி, லட்சத்தீவுப் பக்கம் சுற்றிக்காட்டி, திரும்பக் கொச்சியிலேயே இறக்கிவிடுகிற உல்லாசக் கப்பல். மாமனார், மாமியார், கலா, நான். கடலுக்கு நடுவில் எத்தனை நாள்தான் ஒருவர் மருமகனிடம் பேசாமல் இருக்க முடியும்?

டிக்கெட் போட்டுக்கொடுத்த பெண் ஒரு மத்தியானம் போனில் கூப்பிட்டாள். “சார், டின்னர் ஃபிக்ஸ்டு வேணுமா, ஃப்ளெக்ஸிபிள் வேணுமா?”

கேள்வி புரியாதது என் குரலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அவளே விளக்கினாள். ஃபிக்ஸ்டு என்றால் தினமும் ஒரே நேரம், ஒரே ஹால், ஒரே மேசை. பரிமாறுகிறவரும் அதே ஆள். நீங்கள் போய் உட்கார்ந்தால் போதும். ஃப்ளெக்ஸிபிள் என்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதற்கு வேறு ஹால். கூட்டம் இருந்தால் வரிசையில் நிற்கவேண்டும், கிடைத்த மேசையில் உட்காரவேண்டும்.

கலா பக்கத்தில்தான் இருந்தாள். “என்னங்க, அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்களேன்” என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மாமனார் சாயங்காலம் ஏழு மணி என்றால் இலை முன்னால் உட்கார்ந்திருப்பார். அதற்குக் கொஞ்சம் முன்னால் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த முறை ஒரு நாள் மாறியதில்லை. ஆனால் நான் யார்? ஷிப்ட் போடுகிறவன்.

“ஆயுசு பூராவும் ஃபேக்டரி சங்குக்குச் சாப்பிட்ட மனுசன் கலா. கப்பலுக்கு வந்துமா சங்கு? பசிச்சாச் சாப்பிடட்டும், பசிக்கலீன்னாக் கடலப் பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, போனில் கம்பீரமாக, “ஃப்ளெக்ஸிபிள்” என்றேன். அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லும்போதே மனிதனுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது.

கப்பலில் முதல் நாள் பகல் நன்றாகவே போயிற்று. மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். மாமனார் கப்பல் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று தேடினார். சாயங்காலம் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில் அறை வாசலில் வந்து நின்றார். மாமியார் கைப்பையில் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை வைக்கப் போனார்.

“அத்தை, அதெல்லாம் எதுக்குங்க? இத்தாம் பெரிய கப்பல்ல போயி பிஸ்கட்டத் திம்பாங்களா?” என்று சொல்லி அதை வாங்கி மேசைமேல் வைத்தவன் நான்தான்.

ஃப்ளெக்ஸிபிள் ஹாலுக்குப் போனோம். எங்களைப்போலவே சுதந்திரத்தைத் தேர்ந்தெடுத்த பாதிக் கப்பல் அங்கே நின்றுகொண்டிருந்தது. வரிசை மாடிப்படி வரைக்கும் வளைந்திருந்தது. மேல்தளத்தில் பஃபே உண்டு என்றார்கள். போய்ப் பார்த்தால், ஏதோ கலை நிகழ்ச்சிக்காக அன்று மூடி வைத்திருந்தார்கள். திரும்ப வந்து வரிசையின் வாலைப் பிடித்தோம்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்தது. பட்டுக்கரை வேட்டி கட்டிய ஒரு பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள். பெரியவர் பேச்சைக் கேட்டதும் பாலக்காட்டுக் கல்பாத்திப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. “இது டின்னருக்குள்ள க்யூவாக்கும், இல்லையா? எங்களுக்கு மேசை பறஞ்சு வெச்சிருக்கா. இங்க நிக்கணுமா?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையும் எனக்கு வராது.

“ஆமாங்க, இதே வரிசைதானுங்க. மேசை இருந்தாலும் இல்லாட்டியும் இப்படித்தான் போகோணும். தைரியமா நில்லுங்க” என்றேன். பெரியவர் நன்றி சொல்லிவிட்டுத் தைரியமாக நின்றார்.

வரிசை நகரவில்லை. சற்று நேரத்தில் கலா என் கையைக் கிள்ளினாள். மாமனார் சுவரில் சாய்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்து, கை லேசாக நடுங்கியது.

“என்னங்க, மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்துல நிக்கிறாரு. ஏதாவது பண்ணுங்க.”

“பிஸ்கட்டு இருந்திருந்தா…” என்று மாமியார் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். மருமகன் என்கிற மரியாதை.

அறை வெகு தூரம். எதிர்த் தாழ்வாரத்தில் இன்னொரு ஹாலின் கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேசைகள், ஆவி பறக்கும் தட்டுகள். மாமனாரின் கையைப் பிடித்து நேராக அங்கே அழைத்துப் போனேன். வாசலில் கோட்டுப் போட்ட மலையாளி சூப்பர்வைசர் ஒருவர் நின்றார்.

“ஃபர்ஸ்ட் சீட்டிங் ஆணோ சாரே?”

கப்பலில் உட்காருவது முதல் தடவையா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். (ஃபிக்ஸ்டுக்காரர்களின் முதல் பந்திக்கு அப்படிப் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.) “ஆமாங்க, எல்லாருக்குமே ஃபர்ஸ்ட்தான்” என்றேன்.

“பாலக்காட்டு ஃபேமிலி அல்லே?”

எலப்புள்ளி பாலக்காடுதானே? “ஆமாங்க” என்றேன். நான் சொன்ன இரண்டு பதிலிலும் பொய் என்று ஒரு எழுத்து கிடையாது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்களை ஜன்னலோரம் நாலு பேருக்குப் போட்டிருந்த மேசைக்கு அழைத்துச் சென்றார். மேசையில் பூ வைத்திருந்தது. என் காதருகே குனிந்து, “எல்லாம் ரெடியாணு சாரே” என்று சொல்லிக் கண்ணடித்தார். எது ரெடி என்று எனக்குத் தெரியாது. நானும் கண்ணடித்தேன்.

முதலில் பழரசம் வந்தது. மாமனார் ஒரே மூச்சில் குடித்தார். சூப்பு வந்தது, சோறு வந்தது. அவருக்கு வேர்வை அடங்கி, கை நடுக்கம் நின்று, முகத்தில் ரத்தம் ஏறியது. எனக்கும்தான். உடனே உபதேசம் ஆரம்பித்துவிட்டேன்.

“பாத்தீங்களாங்க மாமா? ஃப்ளெக்ஸிபிள்னா இதுதானுங்க. அந்த ஹால்ல கூட்டமா, இந்த ஹால்ல உக்காந்துக்கலாம். ஃபிக்ஸ்டுன்னு எழுதிக் குடுத்தவன் ஒரே மேசையக் கட்டீட்டு அழ வேண்டியதுதான்.”

கலா மட்டும் சந்தேகமாக அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நமக்கு எதுக்குங்க பூ?”

“கப்பல்னா அப்படித்தான்” என்றேன்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் எங்கள் பக்கத்து விளக்குகள் மங்கின. பரிமாறுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் கை தட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் பெரிய கேக். ‘அப்பாவுக்கு எழுபது’ என்று அதன்மேல் எழுதியிருந்தது. அதைக் கொண்டுவந்து, மேசையிலேயே மூத்தவரான என் மாமனார் முன்னால் வைத்தார்கள். ஹால் முழுதும் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது.

எனக்கு விஷயம் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

மாமனார் கேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாமியார் மெதுவாகக் கேட்டார்: “இன்னிக்கா? உங்களுக்குத்தான் பொறந்த தேதியே தெரியாதே?”

அது எனக்குப் புதுச் செய்தி. மாமனார் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் பிறந்தவர். நல்ல மழைக்காலம் என்பதற்குமேல் அவர் அம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் தன் வசதிக்கு ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். அந்த வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். அந்தத் தேதியை அவர் பென்ஷனுக்கு மட்டும் உபயோகித்தார். கொண்டாடியதில்லை.

அவர் எழுந்து நின்றார். கத்தியை வாங்கிக் கேக்கை வெட்டினார். முதல் துண்டை மாமியாருக்குக் கொடுத்தார். பிறகு ஹாலைப் பார்த்து, கணீரென்ற குரலில் பேச ஆரம்பித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இத்தன வயசுல யாரும் பொறந்த நாளுன்னு ஒண்ணு செஞ்சதில்ல. எங்க ஆத்தாளுக்கே ஞாபகம் இல்லாத நாள எம் மாப்ள எங்கயோ தேடிப் பிடிச்சுருக்காக. எனக்கு ஒரு வயசு கூடத்தான் போட்டுருக்காக, பரவால்ல. இவுகதான் எம் மாப்ள!”

இரண்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை, ஒரே மூச்சில் இரண்டு முறை வந்தது. கூடவே ஒரு கேக் துண்டும் என் வாய்க்குள் வந்தது. அவரே ஊட்டினார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். பக்கத்து மேசைக்காரர்களுக்கெல்லாம் அவரே கூப்பிட்டுக் கூப்பிட்டுத் துண்டு போட்டுக் கொடுத்தார். கேக் பாதியாயிற்று.

அந்த நேரத்தில்தான் வாசலில் பட்டுக்கரை வேட்டி தெரிந்தது.

வரிசையில் கடைசி வரைக்கும் நின்று, கதவை அடைந்த பிறகு, “உங்க மேசை அந்த ஹாலில்” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பெரியவர் நேராக எங்கள் மேசைக்கு வந்தார். பின்னாலேயே வந்த சூப்பர்வைசரின் முகம் சாம்பலாகிவிட்டது.

“இது நம்ம மேசையாக்கும்” என்றார் பெரியவர். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “ஓய், நீங்கதானே என்னை அங்க தைரியமா நிக்கச் சொன்னேள்?”

அவர் மனைவிக்கு மேசை முக்கியமாகப் படவில்லை. “கேக்கைப் பாருங்கோ! முட்டை போடப்படாதுன்னு பையன் தனியாச் சொல்லிப் பண்ண வெச்சதாக்கும்!”

மகன் கேக்கில் மிச்சம் இருந்த ‘பது’ என்ற இரண்டு எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாமனார் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “அப்ப இது நீங்க செஞ்சது இல்லையா?”

நான்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லி, மேசைக் குழப்பத்தைச் சூப்பர்வைசர் தலையில் கட்டியிருக்கலாம். மாமனார் முகத்தைப் பார்த்து அது முடியவில்லை. “இல்லீங்க மாமா. நானு ஒண்ணுமே செய்யலீங்க. உங்களுக்கு வேர்த்துருச்சுன்னு பயந்து இங்க கூட்டீட்டு வந்தனுங்க. அவுரு பாலக்காடான்னு கேட்டாரு, ஆமான்னனுங்க. அவ்வளவுதானுங்க” என்றேன். பெரியவரிடம் திரும்பிக் கை கூப்பினேன். “தப்பு என்னுதுங்க. வரிசையும் என்னுது, கேக்கும் என்னுது.”

“கேக்கு நம்மளோடதாக்கும்” என்று பெரியவர் வீட்டு மாமி திருத்தினார்.

பெரியவர் என் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க பிரசங்கம் பண்ணினதை எதிர் ஹால் கதவுகிட்ட நின்னு கேட்டேன். உங்க பிறந்த நாள் நெஜமா என்னைக்காக்கும்?”

“தெரியாதுங்க” என்றார் மாமனார்.

பெரியவர் மகனைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார். “தெரியாதுன்னா இன்னைக்கா இருக்கப்படாதா? எனக்கு இந்த நாள் எழுபது தடவை வந்து அலுத்தாச்சு. ஆளுக்குப் பாதி எடுத்துப்போம். உங்க பாதியை நீங்க தின்னாச்சு. மிச்சத்தை எனக்குக் கொடுங்கோ. பசிக்கறது.”

மாமனார் அவருக்கும் தன் கையாலேயே ஊட்டினார். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். மாமியாரும் அந்த மாமியும் சேர்ந்துகொண்டு என்னைப்பற்றிப் பேசினார்கள். பேச விஷயம் நிறைய இருந்தது. ஃபிக்ஸ்டு வேண்டும் என்று பெரியவரும், ஃப்ளெக்ஸிபிள்தான் நல்லது என்று மகனும் வீட்டிலேயே ஒரு வாரம் சண்டை போட்டார்களாம். மகன் என் கையைத் தனியாகப் பிடித்து, “ஸார், அப்பா சொன்னதுதான் சரின்னு நீங்க நிரூபிச்சுட்டேள்” என்றான். பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

கிளம்பும்போது சூப்பர்வைசர் தயங்கித் தயங்கி வந்தார். “நாளெ முதல் சாரினு ஏதா வேண்டது? ஃபிக்ஸ்டோ, ஃப்ளெக்ஸிபிளோ?”

நான் வாயைத் திறந்தேன்.

“மாப்ள, நீங்க பேசாம இருங்க” என்றார் மாமனார். “ஃபிக்ஸ்டு. இந்த மேசைக்குப் பக்கத்து மேசை.”

உண்மை தெரிந்த பிறகும் அவர் அந்த ‘மாப்ள’வைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. காரணத்தைக் கலா மூலமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். “கேக்கு அவருது இல்ல, சரி. கையப் பிடிச்சுக் கூட்டிட்டு ஓடுனது அவருதானே?” என்றாராம்.

அன்றிலிருந்து வண்டிப்பெரியார் வீட்டில் வருடா வருடம் அந்தத் தேதிக்குப் பிறந்த நாள் உண்டு. காலையில் கல்பாத்தியிலிருந்து போன் வரும். இரண்டு பேரும் மாறி மாறி வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள். இந்த வருடம் யார் கேக் யாருக்கு என்று ஒரு வாக்குவாதம் நடக்கும்.

என் மகளுக்குப் போன மாதம் முதல் பிறந்த நாள். எலப்புள்ளியில் எங்கள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பேக்கரியிலிருந்து நானே போய் வாங்கிவந்த கேக்கை மேசையில் வைத்து, மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டேன். குழந்தையின் கையில் கத்தியைக் கொடுக்கப்போனேன். மாமனார் கையை நீட்டித் தடுத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டி, குனிந்து, கேக்கின் மேலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். திருப்தியில்லை. வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்:

“ஏங்க, இந்தப் பக்கம் வேற யாருக்கும் இன்னிக்குப் பொறந்த நாளு இல்லையே? எங்க மாப்ள கேக்கு கொண்டாந்துருக்காக!”