பிரஸ் பட்டன் வைத்த ரேடியோ

தையல் மாஸ்டருக்கு ரேடியோக்காரர் தர வேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூற்று நாற்பது.

ரேடியோக்காரரின் மகள் வேலைக்குச் சேர்ந்தபோது அவசரமாகத் தைத்து வாங்கிய துணிகளுக்கான கூலி அது. மகள் அந்த வேலையையே விட்டுவிட்டாள். பாக்கி மட்டும் விடவில்லை. கடன்பட்டவன் தெருவை மாற்றி நடக்கலாம். இவருக்கு அதற்கும் வழியில்லை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் தையல் மிஷின் நிற்கும்.

அன்றைக்கு மிஷின் நின்றது. மாஸ்டர் உள்ளே வந்தார். ரேடியோக்காரர் சட்டென்று கைக்குக் கிடைத்த டப்பா ஒன்றை எடுத்து, ஸ்குரூ டிரைவரால் குடைய ஆரம்பித்தார்.

"காலி டப்பாவை என்னண்ணே குடையறீங்க?"

"உள்ள ஏதோ சத்தம் வருது... மாஸ்டர், ஒரு ஆளு பணம் தரேன்னு சொல்லியிருக்கான். வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்."

"நான் பாக்கி கேக்க வரல."

அப்போதுதான் ரேடியோக்காரருக்கு நிஜமாகவே பயம் வந்தது. கடன் கொடுத்தவன் பாக்கி கேட்காமல் வந்தால், அதைவிடப் பெரிதாக எதையோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

மாஸ்டர் பழைய போர்வையில் சுற்றி வந்ததை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். கையில் தூக்கிப்போகிற வால்வு ரேடியோ. டிபன் பெட்டி அளவு. மேல் மூடியைத் திறந்தால் தானே ஓட ஆரம்பிக்கும் ரகம்.

"எங்க மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. 'என் உயிரையே தர்றேன் மாப்பிள்ளை'ன்னு சொல்லிக் கொடுத்தாரு. பொண்ணைக் கொடுக்கும்போதுகூட அப்படிச் சொல்லல."

"பாடுதா?"

மாஸ்டர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணமான மறுநாளே ஆசையா மூடியைத் திறந்தேன். கொஞ்சம் வேகமா இழுத்துட்டேன்போல. உள்ள 'டிக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான், பேச்சு மூச்சு இல்ல. நான்தான் கெடுத்தேன். இதுவரைக்கும் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல."

"மாமனாருக்குத் தெரியாதா?"

"எப்ப வந்தாலும் வாசப்படி ஏறும்போதே, 'ரேடியோ எப்படியிருக்கு மாப்பிள்ளை?'ம்பாரு. பொண்ணு எப்படியிருக்காங்கறது அதுக்கப்புறம்தான். பாட்டரி கிடைக்கலன்னு சொல்லிச் சொல்லியே இருபத்தஞ்சு வருஷத்தை ஓட்டிட்டேன். இப்ப போன்ல, 'வர்ற ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன். எனக்கும் வயசாச்சு, மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டே போகக்கூடாது'ன்னுட்டாரு."

"பெரிய மனுஷன். உயிரையே கொடுத்தவரு."

"பாட வெச்சிடுங்கண்ணே. பாடின நிமிஷம் உங்க பாக்கி இல்ல. பாடலேன்னா நான் அவர் முகத்துல முழிக்க முடியாது. நீங்க என் முகத்துல முழிக்க முடியாது."

இந்த ரக ரேடியோவுக்கு ஒரு பாட்டரி போதாது, இரண்டு வேண்டும். ஒன்று தொண்ணூறு வோல்ட், முரட்டு மாடு. இன்னொன்று ஒன்றரை வோல்ட், பூனைக்குட்டி. உள்ளே கட்டைவிரல் உயரத்தில் நாலு கண்ணாடி வால்வு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கம்பி. அந்தக் கம்பியில் பூனைக்குட்டியைத்தான் கட்ட வேண்டும். மாட்டைக் கட்டினால் கதை முடிந்தது.

தொண்ணூறு வோல்ட் பாட்டரி இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. ரேடியோக்காரர் சின்னச் சின்ன ஒன்பது வோல்ட் பாட்டரிகள் பத்தை எதிர்க் கடையில் கடன் சொல்லி வாங்கி, வரிசையாகக் கோர்த்து மாடு செய்தார். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். இது உலகத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான். ரேடியோவுக்குள் இருந்த பழைய பிளக்குகள் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. மாடும் பூனையும் மாறிப் போகக்கூடாது என்று செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இரண்டும் துருப்பிடித்து, தொட்டதும் உதிர்ந்தன. அதனால் அமுக்கினால் டக்கென்று மாட்டிக்கொள்கிற கிளிப்புகளை இரண்டுக்கும் ஒரே மாதிரி வைத்தார். அடையாளத்துக்கு மாட்டு ஒயர்களில் மட்டும் சிவப்பு நூல் கட்டினார். நூல் பக்கத்துக் கடையிலிருந்து இரவல்.

மூடியைத் திறந்தார். ரேடியோ முனகியது.

மூன்று கண்டென்சரை மாற்றினார். முனகல் போய், மோட்டார் படகு ஓடுகிற சத்தம் வந்தது. இன்னும் இரண்டை மாற்றினார். படகு மூழ்கிவிட்டது, சத்தமே இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மிஷினும் நின்றது.

"என்னண்ணே, சத்தத்தைக் காணோம்?"

"வேலை நடக்குது மாஸ்டர். நீங்க உங்க மிஷினை ஓட்டுங்க."

கடைசியில் லென்ஸை வைத்துத் தேடியதில் ஒரு ஒயர் கண்ணில் பட்டது. முனையை முறுக்கிச் சொருகியிருந்ததே தவிர, சால்டர் ஈயம் பட்ட சுவடே இல்லை.

"இங்க ஈயமே இல்லையே! எப்படிப் போச்சு?"

"நான் மூடியை இழுத்த வேகத்துல வந்திருக்கும்ணே," என்றது தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் குரல். பாவத்தைச் சுமந்து பழகியவன், தன்னுடையது அல்லாத மூட்டையையும் தானே தூக்கிக்கொள்வான்.

ஈயம் வைத்தார். மூடியைத் திறந்தார்.

"...கோழிகளுக்குச் சளி பிடிக்கும் காலத்தில், கூண்டின் தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும்..." என்று ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது.

மாஸ்டர் கழுத்தில் அளவுநாடா தொங்க ஓடிவந்தார். தன் வாழ்நாளில் கோழி வளர்க்காதவர், கோழிச் சளியைப் பற்றிக் கண்கலங்கக் கேட்டார்.

ரேடியோக்காரர் பாட்டரி தீராமலிருக்க இரண்டு கிளிப்பையும் கழற்றி வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார். டீயை நிம்மதியாகக் குடித்தார். அதுதான் தப்பு.

திரும்பி வந்தபோது மாஸ்டர் மேஜை முன்னால் நின்றிருந்தார். முகம் வெளுத்துப்போன காடாத்துணி மாதிரி இருந்தது.

"என்ன பண்ணீங்க மாஸ்டர்?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. இன்னொரு தடவை கேக்கலாம்னு மூடியைத் திறந்தேன். பிரஸ் பட்டன் ரெண்டும் போடாம கிடந்துது. போட்டேன்."

"பிரஸ் பட்டனா? எதோட எதைப் போட்டீங்க?"

"எது பக்கத்துல இருந்துதோ அதோட."

"சிவப்பு நூல் கட்டியிருந்தேனே! அது எங்க?"

"பிசிறு தொங்குதேன்னு வெட்டிட்டேன். தொங்கற நூலைப் பாத்தா கை சும்மா இருக்காதுண்ணே. தொழில் அப்படி."

ரேடியோக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உள்ள நாலும் ஒரு தடவை பளிச்னு மின்னிச்சு. ரொம்ப அழகா இருந்துது. பாட ஆரம்பிக்கப் போகுதுன்னு நினைச்சேன்."

"அது பாடற வெளிச்சமில்ல மாஸ்டர். உயிர் போற வெளிச்சம்."

வால்வுக்கு எங்கே போவது? பழைய சாமான் கடைக்காரர் ஒருவரிடம் இதே ரகத்தில் இன்னொரு ரேடியோ கிடந்தது. இருவரும் போய் நின்றார்கள்.

"முழுசா எடுத்துக்கிட்டா தரேன்," என்றார் அவர். "வால்வை மட்டும் கழட்டித் தர இது மீன் கடையா, தலை தனி வால் தனின்னு வெட்ட?"

அவர் சொன்ன விலை, ரேடியோக்காரரின் பாக்கியைவிட அதிகம். பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். கடை வாசல் முழுவதற்கும் லாரித் தார்ப்பாயில் ஒரு திரை. மாஸ்டர் இலவசமாகத் தைத்துக் கொடுக்க வேண்டும்.

சட்டை தைக்கிற மிஷினுக்குத் தார்ப்பாய் என்றால், ஆட்டுக்குட்டியைக் கொண்டு வயலை உழுவது மாதிரி. ஒவ்வொரு ஊசி உடையும்போதும் தடுப்பு வழியே "டக்" என்று கேட்கும். ஒவ்வொரு "டக்"குக்கும் இந்தப் பக்கம் ரேடியோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பட்டனைப் போட்டது மாஸ்டராக இருக்கலாம்; இரண்டுக்கும் ஒரே கிளிப்பு வைத்தது தான்தானே.

வந்த வால்வில் மூன்று நல்லது. நாலாவது தொட்டாற்சுருங்கி. ரேடியோ பாடியது, ஆனால் மேஜையில் டம்ளர் வைத்தால் ஊளையிட்டது. பக்கத்தில் மிஷின் ஓடினால் ஒப்பாரி வைத்தது.

"என்னண்ணே இது, செத்த வீடு மாதிரி?"

"அதிர்ச்சி தாங்காத வால்வு மாஸ்டர். மெத்துனு எதையாவது சுத்தணும்."

மாஸ்டர் ஓடிப்போய், கோட்டுக்குத் தோளில் வைக்கிற பஞ்சுப் பட்டையைக் கொண்டுவந்தார். வால்வுக்குத் தோள்பட்டை வைத்ததும் ஊளை அடங்கியது. இந்த முறை பட்டன்களை மாட்டி, அவற்றின்மேல் மாஸ்டரே நாலு தையலும் போட்டார், வேறு யாரும் கழற்றிவிடக்கூடாது என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோவை மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். கூடத்து அலமாரியில் வைத்து மூடியைத் திறந்ததும், தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி "கரகரகர".

"கடையில நல்லாத்தானே இருந்துது!"

"கடையில குண்டு பல்பு. உங்க வீட்ல எல்லாம் எல்இடி. அதோட இரைச்சலைத்தான் இது பிடிக்குது. அணைங்க."

அணைத்தார்கள். பாதி மழை நின்றது. போன் சார்ஜரைப் பிடுங்கினார்கள். இன்னும் கொஞ்சம் குறைந்தது. டிவி, ஃபிரிட்ஜ், ஃபேன் என்று போய், கடைசியில் ரேடியோக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி மெயினையே அணைத்தார். கரகரப்பு நின்றது. ரேடியோ பாடவில்லை.

"இப்ப என்னவாம்?"

"மூடிக்குள்ளதான் ஏரியல் கம்பி. அது ஸ்டேஷனுக்கு நேரா இருக்கணும். திருப்பிப் பாக்கலாம்."

அலமாரியில் பாடவில்லை. ஜன்னலில் பாடவில்லை. கூடம் முழுவதும் சுற்றி வந்து, குளியலறைக் கதவைப் பார்க்க ஒரு முக்காலியில் வைத்தபோது கணீரென்று பாடியது.

மாஸ்டரின் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். அரையிருட்டில் முக்காலியில் இடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா வர்ற நாளும் அதுவுமா வீட்டை இருட்டாக்கி, ஃபேனையும் நிறுத்திட்டு, பாத்ரூம் வாசல்ல என்ன கச்சேரி நடத்தறீங்க?"

"உங்கப்பாவுக்காகத்தான்டி!"

"அவருக்கு வேர்த்தா ஆகாது!"

"வேர்த்தாப் பரவாயில்ல. கேட்டாப் போதும்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனாரும் மாமியாரும் வந்துவிட்டார்கள். ரேடியோக்காரர் மூடியைப் படக்கென்று சாத்திவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றார். மாமியார் பையை மகளிடம் கொடுத்து, முந்தானையால் விசிறிக்கொண்டார். மாமனார் இன்றைக்கு வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தொண்டையை மட்டும் கனைத்தார்.

"மாப்பிள்ளை... அந்த ரேடியோ விஷயமா ஒண்ணு..."

"ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. முதல்ல இப்படி வந்து உக்காருங்க."

குளியலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. மாமனார் குழப்பத்தோடு உட்கார்ந்தார். மாஸ்டர் இரண்டு கையாலும், பூ பறிப்பதுபோல, மூடியைத் திறந்தார்.

"...இன்று மாலை சில இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்..."

மாமனார் எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். குனிந்து முக்காலிக்கு அடியில் பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்து உள்ளே யாராவது நின்று பேசுகிறார்களா என்றும் பார்த்தார். திரும்பி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது... நான் கொடுத்த ரேடியோதானா?"

மாஸ்டருக்கு அந்தக் கேள்வியே போதும். மனுஷன் கண்டுபிடித்துவிட்டார். மாற்று வால்வு, தோள்பட்டை, பிரஸ் பட்டன், எல்லாவற்றையும் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். உயிரைக் கொடுத்தவருக்குத் தெரியாதா?

"மாமா, மன்னிச்சிடுங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "பெட்டி மட்டும்தான் உங்களுது. உள்ள இருக்கற நாலு வால்வும் வேற. உங்க வால்வை நான் கொன்னுட்டேன். அதுக்கும் முன்னாலயே, கல்யாணமான மறுநாளே, மூடியை இழுத்துக் கெடுத்ததும் நான்தான். இத்தனை வருஷமா பாட்டரி இல்லன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன். நீங்க ரேடியோ எப்படியிருக்குன்னு கேக்கறப்பல்லாம் எனக்குச் சோறு இறங்கினதில்ல."

மனைவி வாயில் கை வைத்து நின்றாள். மாமனார் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரேடியோக்காரர் பக்கம் திரும்பினார். அந்த நிலையிலும் சொன்ன சொல் தவறவில்லை. ரேடியோ பாடியாகிவிட்டது. இரண்டு விரலைக் கத்திரிபோல விரித்துக் காற்றில் ஒரு வெட்டு வெட்டினார். மூவாயிரத்து நானூற்று நாற்பதும் அறுந்து விழுந்தது. ஆனாலும் ரேடியோக்காரருக்கு அதில் சந்தோஷப்படத் தோன்றவில்லை. தலைகுனிந்து நிற்கும் பெரியவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

விசிறிக்கொண்டிருந்த மாமியார் கையை நிறுத்தினார்.

"நீங்க எதுக்கு அழறீங்க மாப்பிள்ளை? வாங்கின நாள்லேர்ந்து எங்க வீட்லயும் அது ஒரு வார்த்தை பேசினதில்ல. என் திட்டுக்குப் பயந்துதான் உங்க தலையில கட்டினாரு, நீங்க கண்டுபிடிச்சிட்டீங்களோன்னு பயந்துதான் வர்றப்பல்லாம் கேட்டாரு!"