பாதி எண்ணெய் ஏறிய முதுகு

தென்காசி,
புரட்டாசி மாதம், 1961.

சென்னையில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து நம் குடும்பத்தையே விளங்கவைக்கும் மருமகன் சிரஞ்சீவி வல்லிநாயகத்துக்கு, தாய்மாமன் பால்வண்ணநாதன் மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை இராமலட்சுமியும் காசிவிசுவநாதர் புண்ணியத்தில் சுகம். அங்கே நீ, உன் சம்சாரம், குழந்தைகள், முக்கியமாக உன் அப்பாவான என் அத்தான், எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கண்டு சகலமும் அறிந்தேன். அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்று வந்ததிலிருந்து வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார், அவரைத் தென்காசிக்கு அனுப்பினால் வயதானவருக்கு அங்கே பொழுது போகுமா என்று கேட்டிருக்கிறாய். இது கேட்கிற கேள்வியா மருமகனே? தென்காசியில் பொழுது போகவில்லை என்று இதுவரை ஒரு கிழவர்கூடப் புகார் சொன்னதில்லை, சொல்ல நேரம் கிடைத்தால்தானே. காலையில் குதிரை வண்டியில் குற்றாலம், அருவிக் குளியல், வந்து சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் கோயில் வாசலில் போய் நின்றால் கோபுரத்துக்கு அடியில் வருகிற காற்று ஆளைத் தள்ளும். போன வருஷம் என்னைத் தூக்கிக்கொண்டே போய், யாரென்று தெரிந்ததும் மரியாதையாக இறக்கி வைத்தது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் நூலகத்தில் பேப்பர், பூங்காவில் ரேடியோ. இங்கிலீஷ் செய்தி முடிந்ததும் நான்தான் எல்லோருக்கும் அர்த்தம் சொல்வேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சிலர் பொறாமையில் சொல்வார்கள், அதை நீ காதில் போட்டுக்கொள்ளாதே.

ஆனால் இதெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான். சாப்பாடு என்றால் அருவிக் குளியல்தான், அதற்கு ஒரு முறை இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குள் போக வேண்டும். கூலிக்குத் தேய்த்துவிட ஆட்கள் உண்டு, ஆனால் அது வெளியூர்க்காரர்களுக்கு. எங்கள் குளியல் செட்டில் ஆளுக்கொரு ஜோடி. அவர் முதுகை இவர் தேய்ப்பார், இவர் முதுகை அவர் தேய்ப்பார். ஒருவர் தேய்க்கத் தொடங்கிய முதுகை இன்னொருவர் தொட மாட்டார். ஏன் என்று கேட்காதே, ஒரு வீட்டில் பேசி முடித்த பெண்ணுக்கு வேறொருவன் வெற்றிலை பாக்கு கொண்டுபோவானா?

என் ஜோடி தாணுமாலயன். செங்கோட்டையில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது எங்கள் அடுத்த தெருவில் இருக்கிறார். நல்ல கை. ஒரே குறை, நான் எதைச் சொன்னாலும் அளந்து பார்ப்பார். ஐந்தருவிப் பாதையில் நான் முப்பது அடி மலைப்பாம்பைத் தாண்டிப் போனதை ஒரு நாள் சொன்னேன். "முப்பது அடியா? அப்பம் தலை குத்தாலத்துலயும் வாலு தென்காசியிலயுமா கெடந்துது? ஒரு பத்து அடி வெட்டி விடும்வே, பாம்பு பாவம்" என்றார். செட்டே சிரித்தது. எனக்கு அப்போது கோபம் வந்தது என்னவோ உண்மை.

இந்த ஆனிக் கடைசியில், சாரல் பூவாய்த் தூவிக்கொண்டிருந்த ஒரு காலை, தாணுமாலயன் முதுகில் வலப்பக்கம் முடித்துவிட்டு இடப்பக்கம் கை வைக்கப் போகிறேன், பக்கத்துப் பாறையில் தொந்தியும் துண்டுமாக ஒரு பெரிய மனிதர். மதுரை ஜட்ஜ் ஒருவர் வந்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. அவரே என்னைப் பார்த்து, "பெரியவரே, முதுகு எட்டல, கொஞ்சம் தேய்ச்சு விடுறீகளா?" என்றார். ஜட்ஜ் கேட்டு மறுப்பது சட்டப்படி குற்றமா இல்லையா, நீயே சொல்.

"எங்கவே போறீரு? பாதி முதுகு கெடக்கு" என்றார் தாணுமாலயன்.

"செத்த இரும்வே. ஜட்ஜு கூப்பிடுதாரு!"

சின்ன முதுகாக இருந்தால் சட்டென்று முடிந்திருக்கும். அது செங்கோட்டை பிளாட்பாரம் மாதிரி கிடந்தது. அதோடு நம் பூர்வீகம், நிலபுலம், நான் யானையை அதட்டி அனுப்பியது எல்லாவற்றையும் அவர் தலையாட்டிக் கேட்டதில் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் தாணுமாலயன் அதே பாறையில், வலப்பக்கம் மினுமினுக்க, இடப்பக்கம் காய்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுவில் செட்டில் ஒருவர் மனம் கேட்காமல் கேட்டதற்கு, "வேண்டாம், தொடங்குன ஆளு இருக்காரு" என்று சொல்லிவிட்டாராம்.

"திரும்பும்வே" என்றேன்.

"ஜட்ஜய்யா முதுகு முடிஞ்சுதா? நல்லது. நம்மது வாத்தியாரு முதுகுதானே" என்று எழுந்து, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அருவிப் பக்கமே பார்க்காமல் வண்டியில் போய் ஏறிவிட்டார்.

வண்டிக்காரர் பீர் மைதீன் மறுநாள் சொன்னார்: "குத்தாலத்துக்கு வந்து தலை நனையாமப் போன மொத ஆளு அவருதான் அண்ணாச்சி. வண்டியில எண்ணெ ஒட்டிரும்னு சாயக்கூட இல்ல, வெறச்சாப்புல நிமிந்தே வந்தாரு. பொறவு ஒண்ணு, அவரு ஜட்ஜு இல்ல. ஜட்ஜோட டவாலிச் சேவகன். நாந்தான் ரெண்டு பேரையும் ஏத்தி எறக்குதேன்."

இருக்கட்டுமே. ஜட்ஜுக்கு முன்னால் நடக்கிறவர் டவாலிதானே? அப்படிப் பார்த்தால் ஜட்ஜைவிட ஓர் அடி உசத்திதான்.

அதற்குப் பிறகு தாணுமாலயன் குற்றாலம் வரவில்லை. மங்குஸ்தான் வாங்கி உன் அத்தை கையில் கொடுத்தனுப்பினேன். பழமும் திரும்பவில்லை, ஆளும் வரவில்லை. ஆடி பிறந்ததும் செங்கோட்டைக்கு மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். என் முகத்தில் விழிக்கப் பயந்துதான் ஓடிவிட்டார் என்று நூலகத்திலும் பூங்காவிலும் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். நானும் சும்மா இருக்கவில்லை, கூலி ஆளிடம் ஒரு நாள் முதுகைக் கொடுத்தேன். மாவு பிசைகிற மாதிரி பிசைந்து, "அடுத்த ஆளு!" என்று தட்டி எழுப்பிவிட்டான். வீட்டுச் சுவரில் எண்ணெயைத் தடவி முதுகைத் தேய்த்துப் பார்த்ததில் உன் அத்தை, "செவுத்துக்கு சனி நீராட்டா?" என்று கேட்டாள். இந்த வருஷம் மாதிரி சாரல் என் ஆயுசில் கண்டதில்லை மருமகனே, இது அளப்பு இல்லை. அத்தனையும் ஒற்றை ஆளாகப் போய்விட்டது. இப்போது அருவி பாறையில் கசிகிறது, அவ்வளவுதான். பாம்பு முப்பது அடி என்றால் எல்லோரும் "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்புகிறார்கள். சொல்வதில் ருசியே இல்லை.

ஆகையால் அத்தானை உடனே ரயில் ஏற்று. ரயிலுக்குக் கொடி பிடித்த கை, எண்ணெய் தேய்க்கத் தோதாக இருக்கும். ஐப்பசி மழைக்கு அருவியில் தண்ணீர் விழும்போது நாங்கள் இருவரும் ஜோடியாக நிற்போம், செட்டில் ஒருவரும் ஒன்றும் பேச முடியாது. துண்டு மட்டும் கொண்டு வரச் சொல், எண்ணெய் நம் வீட்டு எண்ணெய். குழந்தைகளுக்கு என் முத்தம். நீயும் உன் சம்சாரமும் தீர்க்காயுசாக, ஒருவர் முதுகுக்கு ஒருவர் கை எட்டும்படி வாழ்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா,
பால்வண்ணநாதன்.

பி.கு.: அத்தானை அனுப்ப வேண்டாம். சென்னையில் கடற்கரை இருக்கிறது, தென்காசியில் வயதானவர்களுக்கு ஒன்றுமே கிடையாது. கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போனேன், கொல்லையில் கிணற்றடிக் கல்லில் தாணுமாலயன் சட்டையைக் கழற்றிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். "அருவியில தண்ணி இல்லியேவே" என்றேன். "கெணத்துல இருக்குல்லா? தேயும்" என்றார். விட்டுப்போன இடப்பக்கத்தில்தான் தொடங்கினேன். ஆனியில் பார்த்த முதுகு இல்லை மருமகனே, எலும்பெல்லாம் விரலில் தட்டுகிறது. செங்கோட்டையில் ஆடி ஆவணி முழுக்கக் காய்ச்சலில் கிடந்தாராம். மகள் எனக்குக் கார்டு போடுகிறேன் என்றதற்கு, "அவரு சோலியா இருப்பாரு" என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் என்னைத் திருப்பி உட்காரவைத்துத் தேய்த்தார். கையில் ஒரு பலமும் இல்லை, ஏதோ தடவிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. நான்தான், "மெதுவாவே, தோலு உரியுது!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.