கயிற்றை விட்ட பிறகு எந்தப் பக்கம்?

இன்ஜின் இல்லாத கிளைடர் தானாக மேலே போகாது. இன்ஜின் உள்ள சிறு விமானம் ஒன்று அதைக் கயிறு கட்டி இழுத்துப் போக வேண்டும். அறுநூறு மீட்டர் உயரம் வந்ததும் கிளைடர் ஓட்டுகிறவர் மஞ்சள் பிடியை இழுப்பார். கயிறு கழன்றுகொள்ளும். அதன் பிறகு ஒருவர் ஒரு பக்கம் திரும்ப வேண்டும், மற்றவர் மறுபக்கம். இதில் மேதைகளுக்கு எந்த வேலையும் இல்லை. அதனாலேயே அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

டென்மார்க்கும் ஜெர்மனியும் முட்டிக்கொள்ளும் இடத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கிளப், அந்தப் பக்கம் ஒரு கிளப். டென்மார்க் கிளப்பில் கிளைடர் வலது பக்கம் திரும்பும், இழுத்துப் போன விமானம் இடது பக்கம். ஜெர்மன் கிளப்பில் எல்லாம் நேர்மாறு. அவரவர் வானத்தில் அவரவர் திரும்பிக்கொண்டிருந்தவரை ஒருவருக்கும் நஷ்டமில்லை. திடீரென்று ஜெர்மன் கிளப்பின் மைதானம் சூரிய மின்தகடுகளுக்குப் போய்விட்டது. அவர்கள் ஒன்பது கிளைடர்களையும் கன்றுக்குட்டி அளவு காப்பி இயந்திரம் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி வந்து டென்மார்க் கிளப்போடு ஐக்கியமானார்கள். இரு நாட்டுக் கொடிகளும் ஏறின. மேயர் பேசினார். எந்தப் பக்கம் திரும்புவது என்று மட்டும் யாரும் பேசவில்லை.

இழுவை விமானத்தை ஓட்டியவள் இங்கேலிஸ். வாரநாட்களில் மாட்டு டாக்டர். ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை, ஜெர்மன் கிளப்பிலிருந்து வந்த ஹார்ட்முட்டை அவள் இழுத்துப் போனாள். அவர் கூரைக்கு ஓடு போடுகிறவர், வயது அறுபத்தெட்டு. கயிறு கழன்ற குலுக்கல் தெரிந்ததும், இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் இங்கேலிஸ் இடது பக்கம் சாய்ந்தாள். ஹார்ட்முட்டும் தன் பழக்கத்தில் இடது பக்கம்தான் சாய்ந்தார். அண்ணாந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளை இறக்கை. மூக்கை அழுத்திக் கீழே பாய்ந்தாள். கிளைடரின் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேறு தலைக்கு மேலே போனதை அவளால் பார்க்க முடிந்தது.

இறங்கியதும் அவள் விமானத்தின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். ஹார்ட்முட் இரண்டு கோப்பை காப்பியோடு வந்து புல்லில் உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, நீங்க எதுக்கு என் பக்கம் வந்தீங்க?"

"அது என் பக்கம்."

"சரி. இனிமே நான் வலது, நீங்க இடது. போதுமா?"

"போதும்."

"எங்க ஆளுங்ககிட்டயும் சொல்லிடறேன். எனக்கு இந்தக் கோடை ஒண்ணுதான் பாக்கி. கண்ணு மங்கிக்கிட்டே வருது. ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்கு மேல உடல்தகுதிச் சான்று தரமாட்டாங்க. அதுக்குள்ள செத்துப்போக எனக்கு இஷ்டமில்ல."

காப்பி ஆறுவதற்குள் விஷயம் தீர்ந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். இரண்டு பேரும் பொறுப்பான பிரஜைகளாக இருந்ததால், நடந்ததை எழுதிக் கொடுத்தார்கள்.

பத்தே நாளில் 'இருதரப்புத் திரும்புதிசை ஒத்திசைவுக் குழு' உதயமானது. தலைவர் டாக்டர் எக்பெர்ட், சட்டத்தில் முனைவர். உயரமான இடத்தில் தலை சுற்றும் என்பதால் அவர் எந்த விமானத்திலும் ஏறியவரல்ல. ஆகவே நடுநிலையானவர் என்று ஏகமனதாகத் தேர்வானார்.

"முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி," என்றார் அவர். "இடதுன்னா யாரோட இடது?"

"ரெண்டு பேரும் ஒரே திசையைப் பாத்துதான் போறோம் தலைவரே," என்றாள் இங்கேலிஸ்.

"அது தங்கள் தனிப்பட்ட அபிப்பிராயம். குறிப்பில் ஏத்திக்கறோம்."

"நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டோம். கிளைடர் வலது."

டாக்டர் எக்பெர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டென்மார்க் வழக்கத்தை ஏத்துக்கிட்டா, ஜெர்மன் உறுப்பினர்கள் நாப்பது வருஷமா தப்பாத் திரும்பினாங்கன்னு ஆயிடும். அந்தப் பழைய திரும்பலுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

ஹார்ட்முட் தன் பழைய திரும்பல்களை எல்லாம் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

எந்த நாட்டின் மனமும் நோகாதபடி முதல் சுற்றறிக்கை வந்தது: 'மறு உத்தரவு வரும்வரை, கயிறு விடுபட்டபின் எவரும் எப்பக்கமும் திரும்பலாகாது.'

திரும்பவில்லை. இங்கேலிஸ் நேராகப் போனாள். பால்டிக் கடல் தெரிந்தது. பிறகு கடல் மட்டும்தான் தெரிந்தது. வானொலியில் கேட்டாள்: "மறு உத்தரவு வந்திடுச்சா?" கீழே இருந்தவர் விசாரித்துச் சொன்னார்: "தலைவர் சாப்பிடப் போயிருக்கார்." பெட்ரோல் முள் அவளைவிட நியாயமாக யோசித்ததால் திரும்பினாள், எச்சரிக்கைக் கடிதம் வாங்கினாள். இன்ஜின் இல்லாத ஹார்ட்முட்டுக்கு அந்த வசதியும் இல்லை. நேராகப் போய் நேராகத் தாழ்ந்து, பூத்து நின்ற கடுகு வயலில் இறங்கினார். அந்த வாரம் மூன்று வயல்களில் மூன்று கிளைடர்கள் விதிப்படி இறங்கின. விவசாயிகள் கவைக்கோலோடு குழுவைப் பார்க்க வந்தார்கள்.

குழு மனிதாபிமானத்தோடு தளர்வு அளித்தது. இரண்டாம் சுற்றறிக்கைப்படி எவரும் எப்பக்கமும் திரும்பலாம். ஆனால் அதே உயரத்தில், வேறொரு கிளைடரில், சுதந்திரமான சாட்சி ஒருவர் இருந்து பார்த்துக் கையொப்பம் இட வேண்டும்.

இங்கேலிஸ் அதை இரண்டு முறை படித்தாள். "தலைவரே, சாட்சி எப்படி மேல போவார்?"

"கிளைடர்லதான்."

"அந்தக் கிளைடரையும் ஒருத்தர் இழுத்துட்டுப் போகணும். அதுவும் கயிறை விட்டுத் திரும்பணும்."

"திரும்பட்டும்."

"அதுக்கு யாரு சாட்சி?"

"இன்னொரு சாட்சி. விதி எல்லாருக்கும் பொது அம்மணி. சாட்சிங்கறதால சலுகை தர முடியாது."

மே, ஜூன், ஜூலை முழுக்க ஒரு கிளைடரும் எழும்பவில்லை. பத்து வருஷத்தில் காணாத வானிலை. வெண்மேகங்கள் வரிசை வரிசையாக வந்து, காத்திருந்து பார்த்துவிட்டுப் போயின. கிளப் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. சனிக்கிழமை தவறாமல் எல்லோரும் கூடினார்கள். சொற்களுக்கு ஒரு துணைக்குழு, அம்புக்குறிகளுக்கு ஒரு துணைக்குழு. அரையாண்டு அறிக்கையில், குழு பொறுப்பேற்றபின் ஒரு மோதல் அபாயமும் நேரவில்லை என்ற புள்ளிவிவரம் தடித்த எழுத்தில் வந்தது. பார்த்துக் கற்றுக்கொள்ள மூன்று நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்து கொட்டகையில் தூங்கிய கிளைடர்களைப் படம் எடுத்துப் போனார்கள்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு. தேவாலய மணி அடிக்கும் நேரம், மைதானத்தில் ஆள் இல்லை. ஹார்ட்முட் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, இன்னும் மூணு வாரம்தான்."

"தெரியும். கயிறை எடுங்க."

அறுநூறு மீட்டரில் குலுக்கல். அவள் இடது பக்கம் சாய்ந்தாள். பின்னால் பார்த்தாள். வெள்ளை இறக்கை வலது பக்கம் சாய்ந்து, விலகி, ஒரு மேகத்தின் அடியில் வட்டம் போட ஆரம்பித்தது. நடுவில் நூறு மாடுகளை ஓட்டிப் போகலாம், அவ்வளவு இடம். அவள் இன்ஜின் சத்தத்துக்கு மேலே உரக்கப் பாடினாள். அவளுக்குப் பாட வராது. ஹார்ட்முட் நாலு மணி நேரம் கழித்து, மூக்கு சிவந்து, இருபது வயது குறைந்து இறங்கினார்.

டாக்டர் எக்பெர்ட் மேசை போட்டுக் காத்திருந்தார். "சாட்சியில்லாத் திரும்பல். ரெண்டு பேருக்கும் செப்டம்பர் பதினஞ்சு வரைக்கும் பறக்கத் தடை."

"எனக்கு ஆகஸ்டோட முடியுதே தலைவரே," என்றார் ஹார்ட்முட்.

"நான் என்ன செய்யறது? இந்தத் தடை விதியை நான் கொண்டு வரல. உறுப்பினர்கள் எழுத்து மூலமா கேட்டாங்க."

"எந்த உறுப்பினர்?" என்றாள் இங்கேலிஸ். "பேரைச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். ஜூலை பொதுக்குழு நாளில் எழுதியது. மேலே பொடி எழுத்தில் நாலு வரிக் கோரிக்கை. கீழே நாற்பத்து மூன்று கையெழுத்து. கிளப்பின் மொத்த உறுப்பினர் நாற்பத்து மூன்று. நாற்பத்து இரண்டாவது கையெழுத்து ஹார்ட்முட்டுடையது. கடைசியில் இருந்தது, மாட்டு மருந்துச் சீட்டுகளில் ஊரே பார்த்திருக்கிற இங்கேலிஸின் கிறுக்கல்.

ஹார்ட்முட் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இது ப்ளம் கேக்குக்குப் பேர் எழுதற தாள்னு நினைச்சேன்."

"கேக்குக்கும் அதே தாள்தான்," என்றார் டாக்டர் எக்பெர்ட். "காகிதச் சிக்கனம். கேக் கிடைச்சுதில்ல?"

இங்கேலிஸ் இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தாள்.