காப்பிக்கு ஜாதகம் கணிப்பவர்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். நீங்களும் நானும் காப்பியைக் குடிப்போம். அவர் அதற்கு ஜாதகம் கணிப்பார். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு மிடறை வாய்க்குள் உருட்டி, அது எந்த மலையில் எந்தச் சரிவில் எந்தச் சம்சாரி பயிர்செய்து பறித்தது என்று சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். இரண்டு தோட்டத்துக் கொட்டை கலந்துவிட்டால் அவருக்கு வாந்தி வருமாம். வந்ததை யார் பார்த்தது?

உத்தமபாளையத்துக் கர்ணன் இந்த இனத்தில் நன்றாக முற்றிய ரகம். அபிசீனியா தேசத்தில் சண்டை, மலையெல்லாம் குண்டு விழுகிறது என்று பத்திரிகைகள் அலறிய வருஷம், காப்பி பிறந்த ஊரே அதுதான் என்று எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து உள்ளூர்க் காப்பி அவர் நாக்கில் படக்கூடாது. அப்போது பார்த்து, மனைவி கிருபாவதியின் அண்ணன் மொக்கைச்சாமி, குரங்கணி மலையில் தான் விளைவித்த கொட்டையை ஆசையாகச் சுமந்து வந்தார்.

"இதக் காப்பின்னு சொன்னா காப்பி கோவிச்சுக்கிரும் மச்சான்" என்று கர்ணன் மூட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

மொக்கைச்சாமிக்குச் சுருக்கென்றது. "ஒம் புருசன் என் காப்பியக் குடிச்சு, நல்லாருக்குன்னு வாயால சொல்லட்டும் ஆத்தா. அன்னைக்கு இங்கன வந்து ஒக்காருறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு மலையேறிவிட்டார்.

மகளுக்குக் காதுகுத்து நெருங்குகிறது. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியுமா? கிருபாவதிக்குச் சோறு இறங்கவில்லை.

கர்ணனோ, விசேஷத்துக்குக் காப்பி தேடி அப்துல் சமது கடைக்குப் போனார். வெற்றிலை அடக்கிய வாயோடு சமது பாய் சொன்னார்: "மொக்க காப்பி வந்திருக்குண்ணே."

கர்ணன் காதில் விழுந்தது 'மோக்கா'. செங்கடல் கரையில், அபிசீனியாக் கொட்டை கைமாறும் துறைமுகமல்லவா அது! பத்திரிகை படித்தவருக்குத் தெரியாதா? மூட்டையோடு வாங்கி வந்தார்.

காதுகுத்தன்று பந்தலில் எல்லோருக்கும் அந்தக் காப்பிதான். தங்கை முகத்துக்காக மொக்கைச்சாமி வந்தார். ஆனால் பந்தக்காலை ஒட்டி நின்றாரே தவிர உட்காரவில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருக்க, கர்ணன் டம்ளரைத் தூக்கிப் பிடித்தார்.

"நல்லாருக்கு! எம்புட்டு நல்லாருக்கு! ஒரே மல, ஒரே சம்சாரி. அவன் மொகமே என் நாக்குல தெரியுது. குண்டு விழுகுற மலையில, பாவம், ஒத்தையா நின்னு பறிச்சிருக்கான்..." அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"குண்டா? குரங்கணியிலயா?" என்றார் விசேஷத்துக்கு வந்திருந்த சமது பாய். "நம்ம மொக்கச்சாமி காப்பிண்ணே இது. இந்தா, அவுகதேன் நிக்கிறாக."

பந்தலே கர்ணன் பக்கம் திரும்பியது. கர்ணன் டம்ளரைப் பார்த்தார். மொக்கைச்சாமியைப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"நாந்தேன் சொன்னேன்ல, மொகம் தெரியுதுன்னு! அபிசீனியாவுல இருந்து இம்புட்டுத் தூரம் வந்துட்டு நிக்கலாமா மச்சான்? ஒக்காருங்க."

மொக்கைச்சாமி சிரித்துவிட்டார். 'நல்லாருக்கு' என்று ஊரறியச் சொல்லியாயிற்றே, இனி என்ன வீம்பு? உட்கார்ந்து மடியை விரித்தார். கிருபாவதி ஓடிவந்து குழந்தையை அதில் வைத்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில் உங்கள் டம்ளரை மெல்ல மூக்கருகே கொண்டுபோய், 'இது குரங்கணியாக இருக்குமோ' என்று முகர்ந்தீர்களே, அதை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? ஆறிப்போகிறது, குடியுங்கள்.