முகம் திருப்பும் கழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஏரிக்கரைச் சாலையில் சைக்கிள்கூட நுழைய முடியாது. அன்றுதான் தூண்டிலார் வாக்குச் சொல்வார். டாக்டர், வக்கீல், பஸ் டிரைவர், ஓய்வுபெற்ற நீதிபதி என்று சகலரும் ஆளுக்கொரு கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஏதோ படை புறப்படுகிறது என்று பயந்துபோவார்கள். பயப்பட வேண்டாம். மூளையை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் புறப்பட்ட படை அது.

எங்கள் ஏரியில் பாஸ் என்றொரு மீன் உண்டு. பெரிய வாய், அதைவிடப் பெரிய முரட்டுக் குணம். கண்டதன் மேலெல்லாம் பாயும், நாம் எதிர்பார்க்கும் அன்றைக்கு மட்டும் பாயாது. வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பிடிக்கப் போட்டி நடக்கும். அதில் ஜெயிப்பதற்காக, கடையில் விற்கும் தூண்டிலை ஒதுக்கிவிட்டு வெறும் கழியை வாங்கி, அதில் வளையங்களை வைத்து நூல் சுற்றி, கார்க் பிடி ஒட்டி, பிசின் பூசி, தங்கள் கைக்கேற்ற தூண்டிலைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் ஊரில் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். கைக்கும் வேலை கொடுக்கும், மூளைக்கும் வேலை கொடுக்கும் பொழுதுபோக்கு. இந்த இரண்டாவது வேலையைத்தான் எங்கள் ஆட்கள் தூண்டிலாரிடம் குத்தகைக்கு விட்டிருந்தார்கள்.

தூண்டிலார் பிறவியிலேயே தூண்டிலார் அல்ல. சில வருஷங்களுக்கு முன்புவரை, இப்போது வாக்குச் சொல்லும் அதே ஏரிக்கரைக் கடையில் திரைச்சீலையும் அதை மாட்டும் கம்பியும் விற்றுக்கொண்டிருந்தார். வியாபாரம் படுத்தது. தாடி வளர்ந்தது. ஒருநாள் கனவில் ஏரி வந்து பேசியதாம். ஏரிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அவர் செய்வது இதுதான். நீங்கள் கொண்டுவரும் வெறும் கழியை வாங்கித் திரைக்குப் பின்னால் கொண்டுபோவார். நீராட்டுகிறாராம். திரும்பி வரும்போது கழியின் அடிப்பக்க விளிம்பில் ஒரு சிறிய வெள்ளைப் பொட்டு இருக்கும். அதற்குக் கழியின் கண் என்று பெயர். பிறகு கண்ணாடி மேஜையின் ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் நீங்கள். கழியின் அடியை மேஜையில் ஊன்றி, நுனியை ஒரு கையில் தாங்கி, நடுவில் மற்றொரு கையால் அழுத்துவார். உங்கள் பெயரைச் சொல்வார். வளைந்த கழி தானாக உருளும். சத்தியமாகத் தானாகத்தான் உருளும், நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கம் உருண்டால் கழி உங்களை ஏற்றுக்கொண்டது. அவர் பக்கம் உருண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதல் தடவை வருகிற எல்லோரிடமும் எப்படியோ அது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தது. பரிகாரத்துக்குப் பிறகு எல்லோரையும் எப்படியோ ஏற்றுக்கொண்டது. பரிகாரச் சாமான்கள் அதே கடையில் கிடைக்கும்.

மீனுக்குப் போடும் இரையையும் அவரே தேர்ந்தெடுத்துத் தருவார். செவ்வாயில் பிறந்தவருக்குச் சிவப்பு ரப்பர் புழு, புதனில் பிறந்தவருக்குப் பச்சை. தண்ணீர் தெளிவா கலங்கலா, பாசி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து இரை போட்ட காலம் மலையேறிவிட்டது. ஏரிக்கு அடியில் மீன்கள் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, மேலே நிற்பவன் எந்தக் கிழமைக்காரன் என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கின்றன போலும்.

இந்த வரிசையில் ஒரு புரொபசர் நின்றார். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர். ஒரு நாணயத்தைச் சுண்டினால் பூ விழ எவ்வளவு வாய்ப்பு, தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்று கரும்பலகை நிறைய எழுதிக் காட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கழியோடு வந்துவிடுவார். படிப்பு வேலை நாட்களுக்கு மட்டும்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர். ஊரில் முக்கால்வாசிப் பேருடைய கையில் ஊசி குத்தியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஊசியக்கா. கல்யாணமான நாளிலிருந்து புரொபசரின் தூண்டில்களுக்கு நூல் சுற்றுவது அவர்தான். புரொபசர் கழியை மெல்லச் சுழற்றுவார், ஊசியக்கா நூலை ஒட்டி ஒட்டிப் படிய விடுவார். இருவரும் நிம்மதியாகப் பேசிக்கொள்வது அந்த நேரத்தில்தான் என்று புரொபசரே எங்கள் மீன்பிடி மன்றத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டதுண்டு.

போன வருஷப் போட்டியின்போது மழை பெய்து ஏரி சேறாகக் கிடந்தது. கறுப்புப் புழுவைப் போடுங்கள், கலங்கலில் அதுதான் மீன் கண்ணுக்குத் தெரியும் என்று ஊசியக்கா சொன்னார். புரொபசர் புதனில் பிறந்தவர். தண்ணீர் நிறத்திலேயே இருந்த வெளிர்ப்பச்சைப் புழுவைப் போட்டுவிட்டு மாலைவரை நின்றார். ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. இந்த வருஷம் புதுக் கழியோடு தூண்டிலாரிடம் போனார். கழி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உங்கள் வீட்டில் நூல் சுற்றுவது யார் என்று தூண்டிலார் கேட்டார். புரொபசர் சொன்னார். தூண்டிலார் கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, வாயைத் திறந்தார்.

"அவங்க மூச்சு இந்தக் கழிக்கு ஆகல. போட்டி முடியற வரைக்கும் அவங்க உங்க கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு கழியை எடுத்துட்டு வாங்க. அவங்க வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தா கழி தானா முகம் குடுக்கும். குடுக்கலைன்னா, அவங்க இன்னும் கொஞ்ச காலம் வெளியவே இருக்கட்டும்."

கூட்டம் தலையை ஆட்டியது. ஒருவர்கூட 'இதென்ன அக்கிரமம்' என்று கேட்கவில்லை. ஏற்கெனவே ஒருவர் இதே வாக்கின் பேரில் மாமியாரை அனுப்பி வைத்திருந்தார். மீன் கிடைக்காவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை.

புரொபசர் வீட்டுக்குப் போய் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்று மனைவியிடம் சொன்னார். காரணத்தையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு நாக்குக் குழறவில்லை என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

"கழி எந்தப் பக்கம் உருளுதோ அதைப் பொறுத்து நான் இந்த வீட்டுல இருக்கறதா வேண்டாமான்னு முடிவாகுமா?" என்று ஊசியக்கா கேட்டார்.

"அப்படி இல்லம்மா. ஒரு நம்பிக்கை. இதுல உனக்கு என்ன நஷ்டம்?"

அழுகைதான் முதலில் வந்தது என்று ஊசியக்கா பிறகு என்னிடம் சொன்னார். கோபம் அதை முந்திக்கொண்டது. சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானும் கடைக்கு வருவதாகவும், அங்கிருந்து அப்படியே அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். இப்படி ஒத்துழைக்கும் மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று புரொபசர் பூரித்துப்போனார்.

மறுநாள் அவர் கல்லூரிக்குப் போனதும் ஊசியக்கா கழியைச் சாப்பாட்டு மேஜையில் ஊன்றினார். அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முடிவில் சந்தேகம் வந்தால், அதே ரத்தத்தைப் பெயர் மறைத்து மறுபடி சோதிப்பார்கள். ஆள் யாரென்று தெரியாமல் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும். ஊசியக்கா கழியை வளைத்துப் புரொபசரின் பெயரைச் சொன்னார். உருண்டது. தன் பெயரைச் சொன்னார். உருண்டது. வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரர் பெயர், சலவைக்காரர் பெயர், கடைசியில் தூண்டிலாரைப் பற்றிச் சில வார்த்தைகள். எல்லாவற்றுக்கும் உருண்டது. ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பொட்டு மேலே வந்ததும் நின்றது.

விஷயம் இவ்வளவுதான். இந்தக் கழிகள் எல்லாம் மரமல்ல, கண்ணாடி நாரில் செய்த மெல்லிய தகட்டைச் சுருட்டிச் செய்யப்படுபவை. தகடு முடிகிற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரு பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். வளைத்தால் அந்தப் பக்கம் தனக்கு வசதியான இடத்துக்கு வரும்வரை கழி உருளும். கோணலாக மாட்டிய கதவு தானாகச் சாத்திக்கொள்வதைப் போல. திரைக்குப் பின்னால் தூண்டிலார் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துப் பொட்டு வைத்துவிடுவார். பொட்டைத் தன் பக்கம் சற்றுச் சாய்த்து ஆரம்பித்தால் கழி வாடிக்கையாளரை நோக்கி உருளும். எதிர்ப்பக்கம் சாய்த்து ஆரம்பித்தால் அவரை நோக்கி உருளும். ஒரு குடும்பம் பிரிவதும் சேர்வதும் அந்தச் சாய்ப்பில் இருந்தது.

ஊசியக்கா நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துப் பொட்டைத் துடைத்தார். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதே அளவில் புதிய பொட்டு ஒன்றை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வாசலுக்கு வெளியேயும் வழிந்தது. பெண்டாட்டியை அனுப்பிவிட்டால் கழி திரும்புமா என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. ஊசியக்கா பெட்டியோடு நிற்பதைக் கண்டதும் தூண்டிலாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டை விட்டுப் படியிறங்கிவிட்ட உத்தமி என்று அவரைப் புகழ்ந்தார். பிறகு கழியை ஊன்றி, பொட்டைத் தன் பக்கம் லேசாகச் சாய்த்து, புரொபசர் பெயரைச் சொல்லி அழுத்தினார்.

கழி புரொபசருக்கு முதுகைக் காட்டி உருண்டது.

தூண்டிலார் முகத்தில் ஈயாடவில்லை. நுனியில் ஈரம் இருக்கிறது என்று துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே கதை. இந்த அம்மாள் ஊர் எல்லையைத் தாண்டினால்தான் சரிப்படும் என்று ஆரம்பித்தார். ஊசியக்கா குறுக்கிட்டு, தன் பெயருக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார். அவரை விரட்டியே ஆக வேண்டிய அவசரத்தில் இருந்த தூண்டிலார், இம்முறை பொட்டை எதிர்ப்பக்கம் சாய்த்து அழுத்தினார். கழி ஊசியக்காவை நோக்கி ஆசையாக உருண்டது.

"ஐயா, கழியோட கண்ணை நான்தான் இடம் மாத்தி வெச்சேன்," என்றார் ஊசியக்கா. பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தார். "இப்ப அடியைச் சுத்தி இதை ஒட்டித் தரேன். பொட்டு உங்களுக்குத் தெரியாது. கழிக்குத் தெரிஞ்சா போதுமே? இவர் பெயரைச் சொல்லி இவர் பக்கம் பத்து தடவை திருப்பிக் காட்டுங்க. நான் நடந்தே எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

கண்ணைக் கட்டினால் கழி பேசாது என்றார் தூண்டிலார். அப்படியானால் பேசியது கழியா நீங்களா என்று நீதிபதி கேட்டார். ஓய்வுபெற்ற பிறகு அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அது. ஊசியக்கா நடந்ததை விளக்கி, அவரவர் கழியை அவரவரே வளைத்துப் பார்க்கச் சொன்னார். மேஜை முன்னால் தள்ளுமுள்ளு. நீதிபதி தன் வீட்டு நாயின் பெயரைச் சொன்னார். அவருக்கே மூன்று பரிகாரத்துக்குப் பிறகுதான் முகம் கொடுத்த கழி, நாயை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. மாமியாரை அனுப்பியவர் மட்டும் தன் கழியைச் சோதிக்காமல் நழுவப் பார்த்தார்.

ஐயா என்று கூப்பிட்ட வாய்கள் எல்லாம் ஒரே நொடியில் அவன் இவன் என்றன. நாலைந்து பேர் கையை ஓங்கிக்கொண்டு திரைப்பக்கம் பாய்ந்தார்கள். ஊசியக்கா வழியை மறித்து நின்றார்.

"அவரை அடிச்சுட்டா உங்க புத்தி நல்ல புத்தி ஆயிடுமா? வாங்கினதைத் திருப்பிக் கேளுங்க. போலீஸ்ல எழுதிக் குடுங்க. போன வாரம் தலையை ஆட்டினதுக்கு இப்ப கையை ஆட்டாதீங்க."

இந்த இடைவெளியில் தூண்டிலார் பின்கதவு வழியாகக் கம்பி நீட்டப் பார்த்தார். பின்கதவுக்கு வெளியேயும் வரிசை நின்றது, அவர் சேர்த்த கூட்டம்தான். போலீஸ் வரும்வரை அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் புரொபசர் அசடு வழிய வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வீட்டுக்குப் போகலாம், சாயங்காலமே நூல் சுற்ற ஆரம்பிக்கலாம் என்றார். ஊசியக்கா பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நான் அம்மா வீட்டுக்குத்தாங்க போறேன். கழி உங்க பக்கம் உருண்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? என்னை பஸ் ஏத்திவிட்டு, சந்தோஷமா மீன் பிடிக்கப் போயிருப்பீங்க. அதை யோசிச்சுப் பாருங்க. யோசிச்சு முடிச்சதும் வாங்க, பேசலாம்."

ஊசியக்கா ஏறிய பஸ் போய்விட்டது. புரொபசர் கழியை ஊன்றிக்கொண்டு நின்றார். அதற்குள் பக்கத்தில் ஒருவர், இவன் போலிதான், ஆனால் அடுத்த ஊரில் தூண்டில் நூலைச் சுற்றும் ரீலைக் காதில் வைத்துக் கேட்டே வாக்குச் சொல்லும் அசல் மகான் ஒருவர் இருக்கிறாராம் என்று விலாசம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

செருப்பு வாங்கும்போது காலை நுழைத்து நடந்து பார்க்கிறோம். நாற்காலி வாங்கும்போது உட்கார்ந்து பார்க்கிறோம். கட்டிய மனைவியை வெளியே அனுப்பச் சொன்ன வாக்கை மட்டும், இத்தனை படித்தவர்கள் வரிசையில் நின்ற ஊரில், ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒரு கழியோ கல்லோ பேசுவதாக யாராவது சொல்வார்கள். கையெடுத்துக் கும்பிடுவதற்கு முன், அதே கையால் அதைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.