ஆந்தைக்காக மைக் பிடித்தவர்

மனித குலத்தில் ஆட்சேபணைக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். கூட்டத் தலைவர் "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் ஒரு கை உயரும், ஒரு தொண்டை கனைக்கும், "எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒன்றுமில்லை, பொதுநலத்தை உத்தேசித்து ஒரே ஒரு விஷயம்" என்று ஆரம்பமாகும். அந்த ஒரே ஒரு விஷயம் முடிவதற்குள் டீ ஆறிவிடும். மைக்கைத் திரும்ப வாங்க முடியுமா? பிடுங்கத்தான் வேண்டும்.

எங்கள் பெங்களூர் உத்தமன் இந்த இனத்தில் முதல் தரம். இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊரின் ஓரத்தில், சின்ன விமானங்கள் மட்டும் இறங்கும் பழைய ஏரோட்ரோமுக்கு எதிரே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சி மாடியில் மனைவி தமயந்தியோடு வாசம். பால் பூத் வைப்பதை எதிர்த்தார். பஸ் நிறுத்தத்தை எதிர்த்தார். பஸ் நிறுத்தத்தை எடுத்தபோது அதையும் எதிர்த்தார்.

2003இல் அந்த ஏரோட்ரோமின் ஓடுபாதையை நீட்டப் போவதாக அறிவிப்பு வந்தது. வரிசையாக நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் போகும். யுத்த காலத்தில் கட்டிய கல் கொட்டகை போகும். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் லைன் வீடுகளும் போகும். அங்கே குடியிருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே, பஸ்ஸே போகாத இடத்தில் மாற்று வீடாம்.

பள்ளிக்கூட ஹாலில் கருத்துக் கேட்புக் கூட்டம். உத்தமன் எழுந்தார். மரத்தின் நிழல், கொட்டகைக் கல்லின் நேர்த்தி, அதன் உத்தரத்தில் குடும்பம் நடத்தும் ஆந்தைகள் என்று அவர் உருகிய உருக்கத்தில் கலெக்டர் ஆபீஸ் அதிகாரியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூக்கம் கலைந்ததாலும் இருக்கலாம்.

லைன் வீட்டில் இருக்கும் பிரிஜெட், அதே பள்ளியில் ஆயா, மெதுவாக அவர் பக்கத்தில் வந்தாள்.

"சார், அப்டியே எங்க வீட்டப் பத்தியும் ரெண்டு வார்த்த சொல்லுங்க சார்."

"அது வேற சப்ஜெக்ட்மா. ரெண்டையும் கலந்தா வெயிட் போயிடும்."

ஆந்தைக்கு இருந்த வெயிட் பிரிஜெட்டுக்கு இல்லை.

முழுமையான சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டும் என்று அவர் அடம்பிடித்தார், கிடைத்தது. தர்ஷினி என்ற நிபுணர் வந்தார். உத்தமன் அவர் பின்னாலேயே குடையோடு அலைந்தார். ஆந்தைகளை நன்றாகப் பார்க்கலாம் என்று தம்முடைய மொட்டை மாடிக்கே அழைத்துப்போனார். தர்ஷினி கொட்டகையைப் பார்த்தார். ஓடுபாதையைப் பார்த்தார். பிறகு தம் காலடியைப் பார்த்தார்.

"சார், இந்த மேல்மாடிக்கு அனுமதி இருக்கா?"

"ஏன் கேக்கறீங்க?"

"ஏரோட்ரோம் பக்கத்துல இவ்ளோ உயரம் கட்டக் கூடாதே. ரன்வேய இந்தப் பக்கம் நீட்டினா, ஃப்ளைட் கரெக்டா உங்க ஹாலுக்கு நேரா வரும்."

காபியோடு வந்த தமயந்தி கேட்டாள்: "ஹாலுக்கு மேலயா, ஹால் வழியாவா?"

அதற்கப்புறம் உத்தமன் காபியைத் தொடவில்லை. அனுமதியில்லாத மாடி என்றால் இடிக்கச் சொல்வார்கள்; கட்டிக்கொடுத்த பில்டரோ எப்போதோ ஊரைவிட்டே போயிருந்தார். வாழ்நாள் சேமிப்பெல்லாம் அந்தச் சுவர்களுக்குள்தான் இருந்தது. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார். விமானம் வந்தால் எந்தப் பக்கம் குனிவது என்று யோசித்தாரோ என்னவோ.

இரண்டாவது கூட்டத்தில் ஆந்தைகள் காணாமல் போயின. "வீடுய்யா, வீடு!" என்று உத்தமன் கத்தினார். "ஒருத்தன் வாழ்நாள் பூரா உழைச்சு உக்காந்த எடம். அத இடிச்சுட்டு அவன எங்க போகச் சொல்றீங்க? மரத்த வேற எடத்துல நடலாம். மனுசன நட முடியுமா?"

ஹாலின் பின்புறத்திலிருந்து இடி மாதிரிக் கைதட்டல். உத்தமன் திடுக்கிட்டுத் திரும்பினார். லைன் வீட்டு ஜனம் மொத்தமும் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. பிரிஜெட் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி கேட்டார்: "சார், யார் வீட்டச் சொல்றீங்க?"

உத்தமனுடைய பொதுவாழ்வில் மைக் கையில் இருந்தும் பேச்சு வராமல் போனது அன்றுதான். "என் வீடு" என்று சொல்ல நாக்கு எழவில்லை. பிரிஜெட்டைப் பார்த்தார்.

"எல்லா வீட்டையுந்தான் சொல்றேன்" என்றார். தணிந்த குரல். அந்த ஒரு வாக்கியத்தோடு உட்கார்ந்தும்விட்டார். ஹாலே நம்பவில்லை.

பிறகு லைன் வீட்டாரும் அடுக்குமாடிக்காரர்களும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். தடை உத்தரவு வந்தது. மேல்மாடியை இடிக்க ஒரு வழக்கு, லைனை இடிக்க ஒரு வழக்கு என்று அலுத்துப்போன அரசாங்கம் ஓடுபாதைத் திட்டத்தைக் கைவிட்டது. மரம் நின்றது, கொட்டகை நின்றது, வீடுகள் நின்றன. உச்சி மாடியின் அனுமதி இன்னும் விசாரணையில் இருக்கிறது. விசாரணைக்கு ஆயுசு கெட்டி.

லைன் வீட்டார் உத்தமனுக்கு மாலை போட்டு, ஸ்பீக்கர் கட்டி, பகலெல்லாம் பாட்டுப் போட்டுக் கொண்டாடினார்கள். மாலையை வாங்கிக்கொண்டவர், ஸ்பீக்கர் சத்தத்துக்கு மறுநாளே போலீஸ் ஸ்டேஷனில் ஆட்சேபணை தெரிவித்தார்.

"இன்னா சார், நம்மாளு நீங்களே இப்டிப் பண்றீங்க?" என்று பிரிஜெட் கேட்டாள்.

"தனிப்பட்ட முறையில ஒண்ணுமில்லம்மா. ஆந்தைங்க தூங்கற நேரம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நாளைக்கு உங்கள் தெருவில் ஒரு மரத்தையோ மண்டபத்தையோ காப்பாற்றக் கிளம்பும்போது ஒன்று செய்யுங்கள்: நிபுணர் வந்தால் காபி கொடுங்கள், மரத்தைக் காட்டுங்கள், மண்டபத்தைக் காட்டுங்கள். மொட்டை மாடிக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள்.