காலர் வைத்த பீட்சா

மாவு மறுபடியும் சுருங்கியது. டெய்லருக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷத் தொழிலில் எந்தத் துணியும் அவர் கண் முன்னாலேயே இப்படிச் சுருங்கி அவரை அவமானப்படுத்தியதில்லை.

கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பால் தவாவை அளந்தார். ஒன்பது அங்குலம். மாவை அளந்தார். ஏழரை.

"ஏங்க, ஆச்சா?" படுக்கையறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"அளவெடுத்துட்டிருக்கேன்!"

"பீட்சாவுக்கா?"

"எதுக்கா இருந்தா என்ன, அளவுதான் முக்கியம். நீ பேசாம படு."

அவள் படுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மாடிப்படியில் கால் பிசகிவிட்டது. டாக்டரிடம் போன அன்று, இவர் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடி அலைந்துவிட்டு வருவதற்குள், அவளே கணுக்காலில் கட்டோடு வெளியே வந்துவிட்டாள். "நாலு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம்" என்றாள். அன்றிலிருந்து தினமும் பிரெட்டும் வெண்ணெயும் கட்டிலுக்கே போயின. மத்தியானத்துக்கும் ஏதோ செய்து பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார். அவள் முகத்தில்கூட இப்போது ஒரு பொலிவு வந்திருந்தது. எல்லாம் தன் கைப்பக்குவம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

நேற்று அந்தப் பெருமையில் மண் விழுந்தது. அவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"இன்னொரு பிரெட் துண்டைப் பாத்தேன்னா அழுதுடுவேன். நாளைக்குக் காலைல சூடா ஒரு பீட்சா பண்ணித் தாங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, என் தங்கச்சிய வரச் சொல்லிடறேன்."

"வேண்டாம், வேண்டாம், நானே பண்ணிடறேன்!" என்றார் டெய்லர் அவசரமாக. மச்சினி ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன். போன தடவை மூன்றே நாள்தான் இருந்தாள். இவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை நிமிஷம் குளித்தார் என்று நோட்டுப் போட்டு எழுதினாள். அவள் ஊருக்குப் போன பிறகும் ஒரு வாரம், யாராவது கூப்பிட்டால் இவர் "உள்ளேன் மேடம்" என்றுதான் எழுந்து நின்றார்.

அதனால்தான் இந்த மைதா, தயிர், பேக்கிங் பவுடர் எல்லாம். பிசைந்து, தட்டி, தவாவில் போட்டு மூடினால் பதினைந்தே நிமிஷம் என்று செல்போனில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்து காட்டியிருந்தாள். இவர் ஆரம்பித்து ஒரு மணி நேரமாகிறது.

"சுருங்குறியா? இரு, உனக்கு வைக்கிறேன்" என்று மாவிடம் சொன்னார். சுருக்கத்துக்கு இரண்டு அங்குலம், தையலுக்கு ஒரு அங்குலம் கூட வைத்துப் பரப்பி, கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டினார்.

இந்தத் தடவை பார்த்து மாவு சுருங்கவில்லை. தவாவைத் தாண்டி நாலாபக்கமும் தொங்கியது.

சளைப்பாரா டெய்லர்? தொங்கியதை உள்பக்கமாக மடித்து, சுற்றிலும் விறைப்பாக ஒரு காலர் வைத்துவிட்டார். சாஸ் தடவினார். வெங்காயம், குடைமிளகாய், சீஸ் எல்லாம் தூவினார். நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினார். முட்டை நேராக மடிப்பில் விட்டிருந்த இடைவெளியைத் தேடிப்போய் அடுப்பில் ஒழுகியது. கை பழக்கதோஷத்தில் குண்டூசியை எடுத்துவிட்டது. நல்லவேளை, சுதாரித்துக்கொண்டு பல்குத்தும் குச்சியைச் செருகினார்.

அடுத்த தொல்லை மூடி. காலர் உயரமாக நின்றதால் மூடி உட்காரவில்லை. அடியில் கருகல் வாடை. மேலே சீஸ் தூவினது தூவினபடியே கிடந்தது.

"என்னங்க, ஏதோ கருகுதே?"

"பக்கத்து வீட்ல!"

மேலே சூடு வேண்டும், அவ்வளவுதானே? டெய்லரின் மூளையில் பளிச்சென்று பல்பு எரிந்தது. அடுப்பை அணைத்தார். பீட்சாவின் மேல் பட்டர் பேப்பரை விரித்தார். இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஏங்க, இஸ்திரிப் பெட்டி சத்தம் கேக்குது?" குரல் ரொம்பப் பக்கத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. பயத்தில் காது அப்படித்தான் கேட்கும் என்று விட்டுவிட்டார்.

"சட்டை தேய்க்கிறேன்!"

சீஸ் உருகியது. உருகிய சந்தோஷத்தில் பேப்பருக்கு வெளியே வந்து இஸ்திரிப் பெட்டியில் ஏறிக்கொண்டது. குபுகுபுவென்று புகை. டெய்லர் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார்.

புகை அடங்கியதும் குனிந்து பார்த்தார். அட! மேலே பொன்னிறம். அடியில் கருகியதை லைனிங் பிரிப்பதுபோல் பக்குவமாகக் கத்தரித்து எடுத்தார். தட்டில் வைத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்.

அவள் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி, பாவமாகப் படுத்திருந்தாள். ஒரு வாய் கடித்தாள். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த ஓரம் மொறுமொறுன்னு ரொம்ப நல்லாருக்குங்க."

"அது காலர்" என்றார் அடக்கமாக.

"தங்கச்சி எல்லாம் வேண்டாம். இன்னும் ரெண்டு வாரம்தானே, நீங்க ஒருத்தரே போதும்."

டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் இவ்வளவு சந்தோஷமான காலை அவருக்கு வாய்த்ததில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தார். கையில் மணல் வாளியோடு வாட்ச்மேன், மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார்.

"சார்... புகை... கீழேர்ந்து பாத்தேன்..."

"புகை இல்லைங்க, பீட்சா! நானே பண்ணினது. உள்ள வாங்க, ஒரு துண்டு சாப்பிட்டுட்டுப் போங்க."

"ஏங்க, அவருக்கு வேலை இருக்கும், அனுப்பிடுங்க!" என்று உள்ளேயிருந்து மனைவி அவசரமாகக் கத்தினாள்.

வாட்ச்மேன் வாளியை இறக்கிவைத்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஒரு வாய் தண்ணி குடுங்க சார், போதும். லிஃப்ட் கெட்டதுலேர்ந்து இந்த நாலு மாடி ஏறுறதுக்குள்ள எனக்கு உயிரே போகுது. அம்மாவைச் சொல்லணும், தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் கீழ ஷட்டில் ஆடிட்டு, ரெண்டு ரெண்டு படியாத் தாண்டி ஏறிடறாங்க!"